டீஜே அட்மிஷனும் நம்முடைய ஓட்டும்

2025 நவம்பர் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஸ்பான்பெர்கர் ஜெயித்த அன்று ராத்திரியே, அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் இருக்கும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஆரம்பித்துவிட்டார்கள். "ஸ்பான்பெர்கர் ஜெயிச்சாச்சு, இனி டீஜே அவ்வளவுதானா?" 2021-இல் குடியரசுக் கட்சியின் யங்கின் ஆளுநராக ஜெயித்தபோது இதே ஆட்கள் "இனி டீஜே பழையபடி ஆயிடும்" என்று பட்டாசு ஸ்டிக்கர் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே வெறும் பேச்சு. டீஜே என்கிற பள்ளியின் அட்மிஷன் விதியை எழுதுவது ஆளுநர் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. டீஜே என்றால் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. பக்கத்து லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி. யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் பள்ளித் தரப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த பள்ளி. இந்தப் பக்கம் வீடு வாங்க வரும் நம்மவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் விசாரிப்பார்கள்.

2020 அக்டோபரில் கவுண்டியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஃபேர்ஃபாக்ஸ் ஸ்கூல் போர்டு நுழைவுத் தேர்வைத் தூக்கியது. 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் ரத்து செய்தது. டிசம்பரில் புது விதியை ஏற்றது. இனி ஒவ்வொரு அரசு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்பிலிருந்தும் 1.5% பேருக்கு இடம் உறுதி. மீதி இடங்களுக்கு எல்லோரும் போட்டி போடலாம். மதிப்பெண் சராசரி குறைந்தது 3.5 வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். வீட்டு வருமானம் குறைவு, ஆங்கிலம் இப்போதுதான் கற்கிறார் என்பது போன்ற காரணங்களுக்குக் கூடுதல் புள்ளிகள். முதல் வருடமே ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பெற்றோர் குழு 2021 மார்ச்சில் வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2023 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

இந்தச் சண்டை சூடாக இருந்த நேரத்தில்தான் 2021 ஆளுநர் தேர்தல் வந்தது. இங்கே ஆளுநரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிகாரத்தில் நம்மூர் முதலமைச்சர் மாதிரி. செப்டம்பர் விவாத மேடையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்காலிஃப், பள்ளிகள் எதைக் கற்றுத்தர வேண்டும் என்று பெற்றோர் சொல்லக்கூடாது என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். யங்கினின் ஆட்கள் அதை விளம்பரமாக்கி, தேர்தல் முடியும்வரை ஓட்டினார்கள். கோவிட் காலத்தில் மாதக்கணக்கில் பிள்ளைகளை லேப்டாப் முன்னால் உட்காரவைத்த பெற்றோரிடம் போய் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? ஒரு வருடம் முன்பு பைடன் 10 சதவீதப் புள்ளியில் ஜெயித்த மாநிலத்தில் யங்கின் 2 புள்ளியில் ஜெயித்தார். லவுடன் கவுண்டியில் பைடனுக்கு இருந்த 25 புள்ளி முன்னிலை மெக்காலிஃபுக்கு 11 ஆகச் சுருங்கியது.

அப்புறம் என்ன ஆனது? யங்கின் பதவியேற்ற அன்றே பள்ளிகளில் "பிளவுபடுத்தும் கருத்துகள்" கூடாது என்று ஒரு ஆணை, மாஸ்க் போடுவது பெற்றோர் விருப்பம் என்று இன்னொன்று. ஆசிரியர்களைப் பற்றிப் புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தார்கள், அதைச் சத்தமில்லாமல் மூடியும் விட்டார்கள். டீஜே விஷயத்தில் அவருடைய கட்சிக்காரரான மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) மியாரெஸ் விசாரணை நடத்தி, சட்டமீறல் நடந்திருக்கிறது என்று 2025 மேயில் அறிவித்தார். நவம்பரில் அவரும் தோற்றார். யங்கின் போட்டியிடவே இல்லை. வர்ஜீனியாவில் ஆளுநர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. நான்கு வருடம் முழுசாகப் போனது, போர்டு 2020-இல் எழுதிய விதி அப்படியே நிற்கிறது. டீஜேக்குச் சட்டப்படி "கவர்னர்ஸ் ஸ்கூல்" என்று வேறு பெயர், அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

ஆளுநரால் எதுவுமே முடியாது என்று சொல்லவில்லை. லவுடனில் பாலியல் தாக்குதல் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு மாணவனை இன்னொரு பள்ளிக்கு மாற்றினார்கள், அங்கேயும் ஒரு தாக்குதல் நடந்தது. மாநில அரசு தலையிட்ட பிறகுதான் சிறப்பு கிராண்ட் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட விசாரணைக் குழு) உட்கார்ந்து விசாரித்தது. நிர்வாகிகள் தங்கள் நலனைத்தான் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதியது. 2022 டிசம்பரில் லவுடன் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்ட்டின் வேலை போனது. அதை நான் யங்கின் கணக்கில் வரவு வைக்கிறேன். ஆனால் தேர்தல் நேரத்தில் டிவிக்காரர்கள் பேசியதெல்லாம் திருநர் மாணவர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்பதைத்தான். குற்றம் சாட்டப்பட்ட பையனை இன்னொரு பள்ளியில் உட்காரவைக்க முடிவெடுத்தது யார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போயிருந்தது.

சரி, டீஜே புது விதி நியாயமா? இங்கேதான் நம்மவர்களோடு எனக்குச் சண்டை. "ஆசியர்களுக்கு எதிரான விதி" என்கிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 2020-இல் பழைய முறைப்படி டீஜேயில் இடம் கிடைத்த குறைந்த வருமான ஆசிய மாணவர் ஒரே ஒருவர். புது முறையில் 51 பேர். அந்த ஐம்பத்தொரு பேரும் ஆசியர்கள்தானே? ஓட்டல் சமையல்காரர் மகளும் டாக்சி ஓட்டுநர் மகனும் ஆசியர் கணக்கில் வரமாட்டார்களா, லவுடனின் ஆஷ்பர்னில் டேட்டா சென்டர் வேலை பார்க்கும் நாம் மட்டும்தான் ஆசியரா?

எனக்குத் தெரிந்த ஒருவர் நீட் தேர்வு கோச்சிங் சென்டர்களுக்காகவே நடத்தப்படுகிறது என்று வாரம் ஒரு பதிவு போடுவார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு என்று 2020-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது கொண்டாடினார். நியாயமான கொண்டாட்டம். அதே மனிதர்தான் டீஜேக்கு எக்ஸாம் திரும்ப வர வேண்டும், 1.5% அநியாயம் என்று மனுவில் கையெழுத்துக் கேட்டார். அண்ணே, அங்கே சரியாக இருப்பது இங்கே எப்படித் தப்பாகும் என்றேன். "அது வேற, இது வேற தம்பி" என்றார். என்ன வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே மகளை டீஜே கோச்சிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

அவர் சொல்லாத ஒரு உண்மையான வித்தியாசம் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 7.5 ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளையும் நீட் எழுதித்தான் வர வேண்டும். இங்கே தேர்வையே ஒழித்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டுரைக்கும் கோச்சிங் வந்துவிட்டது. காசு கொடுத்தால் பதிமூன்று வயசுப் பிள்ளையின் "தலைமைப் பண்பு" பற்றி அழகாக எழுதச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. கணக்கு நன்றாகப் போடும், எழுதத் தெரியாத பிள்ளை இதில் அடிபடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் இவ்வளவு இடம் என்பது இருக்கட்டும், அந்தப் பள்ளிக்குள் யார் என்பதை ஒரு தேர்வு தீர்மானிக்கட்டும். என் நிலைப்பாடு இதுதான். இரண்டு பக்கமும் என்னைத் திட்டுவதற்கு இது போதும்.

இதை யாரிடம் போய்க் கேட்பது? ஸ்கூல் போர்டிடம். ஃபேர்ஃபாக்ஸ் போர்டில் 12 பேர். ஒன்பது பேர் வட்டாரத்துக்கு ஒருவராக, மூன்று பேர் கவுண்டி முழுக்க. வாக்குச்சீட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. ஆனால் வாசலில் கட்சிக்காரர்கள் ஒரு மாதிரிச் சீட்டைக் கையில் திணிப்பார்கள், அதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் குத்திவிட்டு வருகிறோம். 2019-இல் 12 இடமும் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களுக்கு. எக்ஸாமை எடுத்தது அந்த போர்டு. வழக்கு, டிவி, ஆளுநர் மாற்றம் எல்லாம் நடந்த பிறகு 2023-இல் தேர்தல் வந்தது. மறுபடியும் 12-க்கு 12 அதே ஆதரவாளர்கள்தான். அதில் தப்பில்லை, மக்கள் அவர்களைத்தான் விரும்பினார்கள் என்றால் சரி. ஆனால் டீஜேக்காக ராத்திரி பகலாக வாட்ஸ்அப்பில் கொதித்தவர்களிடம் அப்போது உங்கள் வட்டார வேட்பாளர் பெயர் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். பதில் சொன்னவர்களை எண்ண ஒரு கை போதும். கண்ணன் ஸ்ரீனிவாசன் மாநில செனட்டுக்குப் போனதும் சுஹாஸ் சுப்ரமணியம் காங்கிரஸுக்குப் போனதும் நமக்குப் பெருமை, படம் எடுத்துப் போடுகிறோம். ஆனால் டீஜே விதியை எழுதுவது அவர்களும் இல்லை.

ஃபேர்ஃபாக்ஸில் 12 இடங்களுக்கும் அடுத்த தேர்தல் 2027 நவம்பரில். வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு நம் தமிழ்ப் பள்ளி விழாவுக்கும் வருவார்கள், பொன்னாடை போர்த்தி மைக்கும் கொடுப்போம். இந்தத் தடவை மைக்கைத் திரும்ப வாங்கி இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, டீஜேயில் பள்ளிவாரி இடங்களை வைத்துக்கொண்டே ஒரு தேர்வைத் திரும்பக் கொண்டுவரத் தயாரா? இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். டீஜேக்கு விண்ணப்பிக்க எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா எடுத்திருக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் மிடில் ஸ்கூல்களில் எத்தனை பேரை அந்த வகுப்பில் உட்காரவைக்கப் போகிறீர்கள், அதற்கு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவீர்கள்? பதிலை இங்கேயே கமென்டில் போடுங்கள், வேட்பாளர் பெயரோடு.