லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு வீடு. மாங்காயைப் பால் படாமல் பறிப்பது பற்றிச் சித்தப்பா மறுநாள் இணைய நேரலையில் 15 நிமிடம் பேசப் போகிறார். ஓசூரில் தினமும் கேமரா முன்னால் மீட்டிங்கில் உட்காருகிற பாவத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான்: மொத்தம் எத்தனை ஸ்லைடு சித்தப்பா?

சித்தப்பா: அதிகம் இல்லை கண்ணு, 42. முதல் 9 வரவேற்பு.

நான்: இது ஸ்லைடா, கல்யாணப் பத்திரிகையா? தாய்மாமன் பேர் மட்டும்தான் விட்டுப்போச்சு. பாதிப் பேர் செல்போன்லதான் பார்ப்பாங்க. இவ்வளவு பொடி எழுத்தை யார் படிப்பா?

சித்தப்பா: அவங்க எதுக்குப் படிக்கணும்? நானே படிச்சுக் காட்டுவேன்.

நான்: படிச்சுக் காட்ட உங்களை எதுக்குக் கூப்பிடணும்? ஆறு படம் போதும். மீதியை வாயால சொல்லுங்க. காம்பை ஒடிச்சா என்ன ஆகும்?

(காலையில் காம்போடு பறித்து வைத்திருந்த பெங்களூரா காயை எடுத்து, காம்பை அடியோடு ஒடித்தார். பால் பீச்சி என் லேப்டாப் திரையில் விழுந்தது.)

சித்தப்பா: பார்த்தியா? இது தோல்மேல ஓடினா கருப்புக் கோடா விழும். கூழ் பேக்டரிக்குப் போற காய்க்குப் பரவாயில்லை, சந்தையில அடிமாட்டு விலைதான். நீளமா காம்பு விட்டு வெட்டணும். அப்புறம் காயைக் கவிழ்த்துப் பிடிச்சு ஒடிச்சா, பால் தோலைத் தொடாம கீழே சொட்டிடும்.

நான்: இதேதான் சித்தப்பா! நாளைக்கும் இப்படியே செய்யுங்க, லேப்டாப் மேல மட்டும் வேண்டாம்.

(அடுத்து இடம் பார்த்தோம். அவர் காற்றுக்காக ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். முகமே தெரியவில்லை.)

நான்: போலீஸ் தேடுற ஆள் ரகசியப் பேட்டி கொடுக்கிற மாதிரி இருக்கு. திரும்பி உட்காருங்க, வெளிச்சம் மூஞ்சியில விழட்டும். மாங்காய் கிரேட்டைக் கவிழ்த்து அதுமேல லேப்டாப்பை வைப்போம். இல்லைன்னா உங்க மூக்குத் துவாரம்தான் நேரலை. வைஃபையும் வேண்டாம், ஒயரையே சொருகிடுவோம்.

சித்தப்பா: சரி. யாரைப் பார்த்துப் பேசறது? வரப்புல நின்னு பேசினா நாலு பேர் "ஆமாங்க" சொல்வான். இது கல்லு மாதிரி இருக்கே.

(இதுதான் அவருடைய உண்மையான கஷ்டம். உம் கொட்ட ஆளில்லாமல் நம் ஊரில் யாருக்கும் கதை வராது. சித்தியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.)

நான்: அந்தப் பொட்டைப் பார்த்தே பேசுங்க.

சித்தப்பா: உங்க சித்தி பொட்டா? அதைப் பார்த்து நான் பேசி இருபது வருஷம் ஆச்சு. அது பேசும், நான் கேட்பேன்.

நான்: அப்ப நான் லேப்டாப்புக்குப் பின்னால நின்னு தலையாட்டறேன். இன்னொண்ணு. நீங்க பேசறது அவங்களுக்கு அரை நிமிஷம் கழிச்சுக்கூடப் போய்ச் சேரும். "கேள்வி இருக்கா"ன்னு கேட்டுட்டு உடனே எழுந்துடாதீங்க. தண்ணி குடிங்க. கேள்வி வந்தா முதல்ல சத்தமா படிங்க, எல்லாருக்கும் அது தெரியாது. "நல்ல கேள்வி"ன்னு சொல்லிட்டுப் பதில் சொல்லுங்க.

(மறுநாள். ஐந்து நிமிடம் அருமையாகப் போனது. திடீரென்று சமையலறையிலிருந்து ஒரு குரல்: "நீளமா காம்பு விட்டு வெட்டணும்...")

சித்தப்பா (பேச்சை நிறுத்தி): இங்க இன்னொருத்தரும் இதையே சொல்றார். சரியாத்தான் சொல்றார்.

(ஓடிப்போய்ப் பார்த்தால், சித்தி செல்போனில் முழுச் சத்தத்தோடு நேரலை பார்த்துக்கொண்டிருக்கிறார். போனோடு அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். அவருக்குக் கோபம். திரும்பி வந்து தலையாட்டலைத் தொடர்ந்தேன். கழுத்து வலிதான் மிச்சம். கடைசியில் காயைக் கேமரா முன்னால் அசையாமல் பிடித்து, கவிழ்த்து ஒடித்துக் காட்டினார். பால் சொட்டுச் சொட்டாக விழுந்தது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.)

சித்தப்பா: யாருக்காவது கேள்வி இருக்குங்களா?

(தண்ணீர் குடித்தார். ஒரு சொம்பு முழுக்க. நான் விரலைக் காட்டி 'இன்னும் கொஞ்சம்' என்றேன். திரையில் முதல் கேள்வி வந்தது. சித்தப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே சத்தமாகப் படித்தார்.)

சித்தப்பா: "காலையில போட்ட மோட்டாரை நிறுத்தினீங்களா இல்லையா, தொட்டி நிரம்பி வாசல் வரைக்கும் வழியுது." நல்ல கேள்வி.