கேட்டு போட்டாச்சு மாமா

(ஒரு ரயில்வே கேட்டு. முகூர்த்த நாள், காலை எட்டரை மணி. டிவிஎஸ் எக்ஸெல் பின்சீட்ல அரிசிக்கடை பழனிச்சாமி, பாக்கெட்ல மொய்க்கவர். வண்டிய ஓட்டுறது அக்கா மகன் சரவணன், குரூப் 2-க்கு படிச்சிட்டு இருக்கான். கல்யாண மண்டபம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நாதஸ்வர சத்தம் வரைக்கும் கேக்குது, சாப்பாடு மட்டும்தான் வரல.)

மாமா: போச்சு மாப்ள, ரெண்டாவது பந்தியும் போச்சு. அங்க மேல பாரு, பாலம் ரெடியாத்தான் நிக்குது, ஏறத்தான் வழியில்ல. எவன்டா இத கட்டுனது, நடுவுல மட்டும் கட்டிட்டு ரெண்டு பக்கமும் அந்தரத்துல விட்டுட்டு போயிருக்கான்?

சரவணன்: ஒருத்தர் கட்டுனா தானே மாமா கேக்க முடியும். தண்டவாளத்துக்கு மேல வர்ற துண்டு ரயில்வேது, அது டெல்லி. ஏறி இறங்குற துண்டு மாநில நெடுஞ்சாலைத்துறை, அது சென்னை. அதுக்கு நிலம் எடுக்கணும்னா கலெக்டர் ஆபீஸ். நிலத்துக்காரர் ரேட்டு பத்தலன்னு கோர்ட்டுக்கு போயிட்டாரு.

மாமா: அப்ப ரயில்வேக்காரங்க வேலைய முடிச்சிட்டாங்க.

சரவணன்: முடிச்சாச்சு. இதுக்குப் பேருதான் கூட்டாட்சி. எதுக்கு டெல்லி சட்டம் போடலாம், எதுக்கு மாநிலம் போடலாம்னு பிரிக்க அரசியல் சட்டத்துல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, 246-வது பிரிவு. 1950-ல போடும்போது மத்திய பட்டியல்ல 97 விசயம், மாநிலப் பட்டியல்ல 66, ரெண்டு பேருக்கும் பொதுப் பட்டியல்ல 47.

மாமா: எப்பா, வாடிக்கைக்காரன் கடன் பாக்கி கேட்டா தலைய சொறியற, இதெல்லாம் கடகடன்னு வருது.

சரவணன்: ராணுவம், ரயிலு, தபாலு, ரூபா நோட்டு, உப்பு இதெல்லாம் டெல்லி.

மாமா: உப்புமா?

சரவணன்: உப்பு மாமா, உப்பு. போலீசு, ஆஸ்பத்திரி, நிலம், சாராயம், சுடுகாடு இதெல்லாம் மாநிலம். புதையல் கூட மாநிலப் பட்டியல்ல தான் இருக்கு, தெரியுமா?

மாமா: அடேங்கப்பா, கிடைக்காதத எல்லாம் நமக்கு எழுதி வச்சுட்டானுங்க. சரி பொதுவுல என்ன?

சரவணன்: கல்யாணம், விவாகரத்து, திவாலு...

மாமா: அத வரிசையாவே எழுதியிருக்கான் பாரு, அனுபவஸ்தன்.

சரவணன்: பொதுப் பட்டியல்ல ரெண்டு பேரும் சட்டம் போடலாம், முட்டிக்கிச்சுன்னா டெல்லி சட்டம்தான் நிக்கும். நம்ம சட்டம் நிக்கணும்னா ஜனாதிபதி கையெழுத்து வேணும். ஜல்லிக்கட்டு ஞாபகம் இருக்கா, 2017-ல? மிருகவதை தடுக்கறது பொதுப் பட்டியல்ல இருக்கு, நம்ம சட்டசபை திருத்தம் போட்டு ஜனாதிபதி ஒப்புதலோட வந்துச்சு, 2023-ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு.

மாமா: அப்ப கேட்டா குடுக்குறாங்கல்ல.

சரவணன்: மெரினா நிறைய ஆள் உக்காந்து கேட்டா குடுப்பாங்க. படிப்புக்கு கேட்டோம், நீட் வேணாம்னு மசோதா அனுப்புனோம், வரல. படிப்பு முன்னாடி நம்ம லிஸ்ட்ல தான் இருந்துச்சு மாமா, 1976-ல எமர்ஜென்சில 42-வது திருத்தம்னு ஒண்ணு போட்டு கல்வி, காடு, காட்டு விலங்கு, எடை அளவு, நீதி நிர்வாகம்னு 5 ஐட்டத்த பொதுவுக்கு தூக்கிட்டாங்க.

மாமா: எடை அளவுமா! அதான் அந்தாளு வந்து என் தராச தூக்கி தூக்கி பாத்தானா.

சரவணன்: அவரு மாநில அரசு ஆளு மாமா.

மாமா: சட்டம் அங்க, ஆளு இங்க, மாட்டுறது நான். சரி விடு, அந்த அரிசி வரி யாரு போட்டது?

சரவணன்: ஜிஎஸ்டி கவுன்சில். எல்லா மாநில மந்திரிகளும் டெல்லி நிதியமைச்சரும் உக்காந்து முடிவு பண்றது. மாநிலங்க எல்லாத்துக்கும் சேத்து மூணுல ரெண்டு பங்கு ஓட்டு, டெல்லிக்கு மட்டும் ஒரு பங்கு. ஒரு விசயம் பாஸாக நாலுல மூணு பங்கு வேணும்.

மாமா: (விரல் விட்டு எண்ணி) அப்ப மொத்த மாநிலமும் சேந்து கைதூக்கினாலும் டெல்லி தூக்கலன்னா பாஸாகாதே?

சரவணன்: ஆகாது. டெல்லியும் தனியா ஒண்ணும் பண்ண முடியாது. 2022 ஜூலைல அப்படித்தான் 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணின அரிசிக்கு 5 சதவீதம் வந்துச்சு. ரெண்டரை டெல்லிக்கு, ரெண்டரை சென்னைக்கு.

மாமா: அவனுங்க எல்லாம் ஏசி ரூம்ல உக்காந்து 25-ன்னு கோடு போட்டானுங்க, நம்ம மில்லுக்காரன் ஒரு கிலோ சேத்து 26 கிலோ மூட்டைன்னு தச்சுட்டான், வரி போச்சு. வாங்குறவங்க "என்னண்ணே மூட்டை கனமா இருக்கு"ன்னு கேக்குறாங்க, கூட்டாட்சிய ஒரு கிலோ சேத்து கட்டியிருக்குன்னு இனிமே சொல்லலாம்.

(ரயில் வருது. எல்லாரும் ஆவலா பாக்குறாங்க. எஞ்சின் மட்டும் தனியா, பெட்டி எதுவும் இல்லாம, நிதானமா போகுது. கேட்டு திறக்கல.)

மாமா: இதுக்கா இவ்வளவு நேரம்! குனிஞ்சு போயிருவமா?

சரவணன்: வேணாம் மாமா, மூடின கேட்டுல புகுந்தா ரயில்வே பாதுகாப்புப் படை, ஆர்பிஎஃப், புடிச்சிருவான். அவன் டெல்லி போலீசு. அதே ரயில்ல உங்க பர்ஸ் போச்சுன்னா கம்ப்ளெய்ன்ட் வாங்குறது தமிழ்நாடு ரயில்வே போலீசு.

மாமா: ஆக நான் கேட்டுல புகுந்தா டெல்லி, என்கிட்ட திருடுனா சென்னை. வண்டிய ஆஃப் பண்ணு, பெட்ரோல் காசு என்னுது.

சரவணன்: அதுல ஒரு பகுதி உங்களுதே இல்ல, வரி. 2022 மே மாசம் டெல்லி வரிய குறைச்சப்போ லிட்டருக்கு 19 ரூபா 90 காசுன்னு நின்னுச்சு, அதுல மாநிலங்களுக்கு பங்கு போடுற அடிப்படை வரி வெறும் 1 ரூபா 40 காசு. மிச்சமெல்லாம் செஸ்சு, கூடுதல் வரின்னு பேரு மாத்தி வச்சிருக்கு, அதுல பங்கே கெடையாது. அந்த 1.40-ல 15-வது நிதிக்குழு கணக்குப்படி 41 சதவீதம் எல்லா மாநிலத்துக்கும், அதுல நமக்கு நூத்துக்கு 4 சொச்சம். லிட்டருக்கு ரெண்டே கால் பைசா சொச்சம் வந்துச்சு.

மாமா: ரெண்டே கால் பைசாவா? அத வாங்க ஆள் அனுப்புனா பஸ் சார்ஜ் யாரு குடுப்பா? இதான்டா நான் சொல்றது, எல்லாத்தையும் டெல்லில வச்சுக்கிட்டா எப்படி, 1969-லயே கலைஞர் மத்திய மாநில உறவ ஆராய ராஜமன்னார் குழு போட்டாரு, மாநில சுயாட்சின்னு தொண்டை கிழிய கத்துனோம், என் சைக்கிள்லயே எழுதி வச்சிருந்தேன்...

சரவணன்: மாமா, சென்னை மட்டும் என்ன. பெட்ரோலுக்கு மாநில வாட் தனியா இருக்கு, அத ஜிஎஸ்டில சேக்க டெல்லிக்கும் ஆசையில்ல, சென்னைக்கும் ஆசையில்ல. அத விடுங்க, நம்ம நகராட்சிக்கு எலெக்ஷன் 2016-ல முடிஞ்சிருக்கணும், எப்ப நடந்துச்சு? 2022 பிப்ரவரி. அஞ்சு வருசத்துக்கு மேல கவுன்சிலரே இல்ல, ஆபீசர் தான் ஓட்டுனாரு. டெல்லி நமக்கு குடுக்கலன்னு நாம கத்துறோம், நம்ம தெருவுக்கு நாம குடுக்கலையே.

மாமா: ...

சரவணன்: என்ன மாமா சத்தத்த காணோம்?

மாமா: இல்ல, மூணாவது பந்தி போட்டிருப்பான்னு யோசிக்கிறேன்.

(அடுத்த ரயில் போகுது. கேட்டு ஏறுது. ஆனா அதுக்குள்ள இந்தப் பக்கம் இருந்தவங்க ரோடு முழுக்க அடைச்சு நிக்கிறாங்க, அந்தப் பக்கம் இருந்தவங்களும் அதே மாதிரி ரோடு முழுக்க. நடுத் தண்டவாளத்துல ஒரு வைக்கோல் லாரியும் ஒரு ஸ்கூல் வேனும் மூஞ்சிக்கு மூஞ்சி.)

மாமா: கேட்கீப்பர் தம்பி, கொஞ்சம் ஒழுங்கு பண்ணப்பா!

சரவணன்: அவரு ரோட்டுக்கு பொறுப்பில்ல மாமா, கேட்டு மட்டும்தான். அந்தா டிராபிக் போலீஸ் நிக்குறாரு, அவரு தண்டவாளத்துக்குள்ள வரமாட்டாரு.

மாமா: அப்ப இந்த நெரிசல் எந்த லிஸ்ட்ல வருது?

சரவணன்: எந்த லிஸ்ட்லயும் இல்லாதது எஞ்சிய அதிகாரம், 248-வது பிரிவு. அது டெல்லிக்கு.

மாமா: (வேட்டிய மடிச்சு கட்டிட்டு இறங்குறார்) டெல்லில இருந்து ஆள் வர்றதுக்குள்ள பாயசம் தீந்துரும்டா. ஏய் லாரி! ரிவர்ஸ் எடு! வேன் தம்பி, லெஃப்ட் ஒடி, ஒடி, இன்னும் ஒடி...

லாரிக்காரர்: நீ யாருய்யா சொல்றதுக்கு? உனக்கு என்ன அதிகாரம்?

மாமா: எஞ்சிய அதிகாரம்யா! 248! பின்னாடி எடு!

(லாரி பின்னாடி போகுது.)