குளிர்காலத்திலும் தெள்ளுப்பூச்சி உண்டு
குளிர் மாதங்களில் தெள்ளுப்பூச்சி இருக்காது, அதனால் நாய்க்கு மருந்தை நிறுத்திவிடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. கடுங்குளிரில் வெளியே அவை குறைவது உண்மைதான். வீட்டுக்குள் கதை வேறு. நாய் மேல் இடும் முட்டைகள் உதிர்ந்து விரிப்பிலும் தரை இடுக்கிலும் விழும். அங்கே புழுவாகி, கூடு கட்டி, பல மாதம்கூடச் சும்மா கிடக்கும். உடல் சூடும் காலடி அதிர்வும் பட்டதும் வெளியே வந்துவிடும்.

நீங்களே பார்க்கலாம். வால் தொடங்கும் இடத்தில் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள் (பேன்சீப்பே போதும்). வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, இரத்தம் கலந்த தெள்ளுப்பூச்சி எச்சம். ஒன்றும் வராவிட்டாலும், நிறுத்தும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.