கேமரா ஓடினாலே போதும் என்று எழுதிய ஒப்பந்தம்

சூப்பர்ஹீரோ படம் சொதப்பினால் இயக்குநரைத்தான் எல்லோரும் பிடித்துத் திட்டுகிறோம். சில படங்களில் நியாயமாகத் திட்ட வேண்டியது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பத்தியை. குறித்த தேதிக்குள் படப்பிடிப்பைத் தொடங்காவிட்டால் பாத்திரத்தின் திரைப்பட உரிமை காமிக்ஸ் நிறுவனத்துக்கே திரும்பிவிடும் என்று சொல்லும் பத்தி அது.

அந்த நிபந்தனை இருக்கத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு ஸ்டுடியோ உரிமையை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்து, தானும் எடுக்காமல் அடுத்தவரையும் எடுக்கவிடாமல் காலம் கடத்தலாம். என் சண்டை அதை எழுதும் விதத்தோடு.

வழக்கமாக முதலில் ஆப்ஷன் போடுவார்கள். சிறிய தொகை கொடுத்து, சில ஆண்டுகளுக்கு அந்தப் பாத்திரத்தை வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்திவைப்பது. கெடு முடிவதற்குள் நீட்டிப்பு வாங்க வேண்டும், அல்லது படப்பிடிப்பில் இறங்க வேண்டும். நம்மூர் போலப் பூஜை போட்டு போஸ்டர் விட்டால் கணக்கில் வராது. நடிகர்களை நிறுத்தி முதன்மைப் படப்பிடிப்பு தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் திரைக்கு வர வேண்டும் என்று தனியாக எழுதாவிட்டால், கேமரா ஓடியதோடு கடமை முடிந்தது.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு, மார்வெல் காமிக்ஸின் நான்கு சூப்பர்ஹீரோக்களைப் பற்றிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தின் கதையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் ஃபிலிம் நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் பெர்ண்ட் ஐஷிங்கர் 1986-ல் ஆப்ஷன் வாங்கினார். கெடு 1992 டிசம்பர் 31. பெரிய ஸ்டுடியோ எதுவும் பணம் போட முன்வரவில்லை, மார்வெல் நீட்டிப்பும் தரவில்லை. குறைந்த செலவில் படம் எடுப்பதற்குப் பேர்போன ஹாலிவுட் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் ஐஷிங்கர் போனார். பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். டிசம்பர் 28-ல் படப்பிடிப்பு தொடங்கியது. கெடுவுக்கு மூன்று நாள் முன்பு!

உடல் ரப்பராக நீளும் ஒருவர், தீயாய் எரியும் ஒருவர், மறைந்துபோகும் ஒருவர், பாறை உடம்போடு ஒருவர். இந்த நால்வரையும் அந்தக் காசில் திரையில் காட்டவே முடியாது. ஆனாலும் படத்தில் வேலை செய்தவர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். இசையமைப்பாளர்கள் கைக்காசைப் போட்டு ஆர்கெஸ்ட்ரா வைத்தார்கள். டிரெய்லர் வந்தது, 1994 ஜனவரி 19-ல் மினசோட்டாவில் முதல் காட்சி என்று தேதியும் குறித்தாகிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். படம் அதிகாரபூர்வமாக இன்றுவரை தியேட்டருக்கு வரவில்லை. திருட்டு விசிடி தலைமுறைக்கு நகல் நகலாகத்தான் போய்ச் சேர்ந்தது. மலிவான படம் வெளியானால் பாத்திரத்தின் பெயர் கெடும் என்று தாமே அதை விலைக்கு வாங்கி அழிக்கச் சொன்னதாக, மார்வெல் படங்களின் பொறுப்பில் இருந்த அவி அராட் பின்னாளில் சொன்னார். வெளியிடும் எண்ணமே முதலிலிருந்து இல்லை என்று இந்தப் பாத்திரங்களை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீ சொன்னார். ஐஷிங்கரும் கோர்மனும் அதை மறுத்தார்கள். யார் சொல்வது உண்மையானாலும் உரிமை கான்ஸ்டன்டினிடம் தங்கிவிட்டது. 2005-ல் ஃபாக்ஸ் ஸ்டுடியோவோடு சேர்ந்து பெரிய படம் எடுத்தார்கள். முதல் படத்தின் நடிகர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. இதில் என்னால் சமாதானம் ஆகவே முடியவில்லை.

ஸ்பைடர்மேன் ஒப்பந்தம் இதைவிடக் கெட்டியாக எழுதப்பட்டது. 1985-ல் கேனன் நிறுவனம் 2,25,000 டாலருக்கு வாங்கிய உரிமை, பல கைகள் மாறி, திவால் வழக்குகளில் சிக்கி, 1999-ல் சோனியிடம் வந்தது. அதே உரிமையைக் கோரிக்கொண்டிருந்த எம்ஜிஎம் ஸ்டுடியோ ஸ்பைடர்மேனை விட்டுக்கொடுத்தது, சோனி ஜேம்ஸ் பாண்ட் மீதான தன் கோரிக்கையை விட்டுக்கொடுத்தது. பின்னர் கசிந்த சோனி–மார்வெல் 2011 ஒப்பந்தப்படி, ஒரு படம் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு 9 மாதத்துக்குள் அடுத்த படத்தின் தயாரிப்பு தொடங்க வேண்டும், 5 ஆண்டு 9 மாதத்துக்குள் அது வெளியாக வேண்டும். 2014 மே 2-ல் வந்த படத்திலிருந்து எண்ணினால் 2018 பிப்ரவரி, 2020 பிப்ரவரி. எடுத்துப் பெட்டியில் போடும் வேலை இங்கே நடக்காது. ஆனால் கதை தயாரா என்று இந்த நாட்காட்டியும் கேட்பதில்லை.

கெடுவைத் தவறவிட்டால் என்ன ஆகும்? மார்வெலின் இன்னொரு ஹீரோவான டேர்டெவில் விஷயத்தில், உரிமை வைத்திருந்த ஃபாக்ஸுக்கு 2012 அக்டோபர் 10 வரை நேரம் இருந்தது. இயக்குநர் மாறினார், ஸ்கிரிப்ட் முடியவில்லை, தேதி போய்விட்டது. உரிமை மார்வெலுக்குத் திரும்பி, 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது. ஃபாக்ஸின் 2003 படத்தையும் அந்தத் தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு உரிமை திரும்பியதன் அருமை தெரியும். அவசரமாக எதையோ எடுக்காமல் கெடுவைப் போகவிட்டதுதான் அந்தப் பாத்திரத்துக்கு ஃபாக்ஸ் செய்த மிகப் பெரிய நன்மை.

ஹல்க் சிக்கல் வேறு. அங்கே தகராறு விநியோக உரிமையில். 2008 படத்தை யுனிவர்சல்தான் விநியோகம் செய்தது. அதன் பிறகு தனிப் படம் இல்லாமல் ஹல்க் அடுத்தவர் படங்களிலேயே வந்துபோகிறார்.

ஒப்பந்தத்தின் இந்தக் கெடுப் பத்தியை நான் எழுதினால் மூன்று விஷயம் சேர்ப்பேன். படப்பிடிப்புத் தொடக்கத்தோடு வெளியீட்டுத் தேதியும், குறைந்தபட்சத் தியேட்டர் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். குறைந்தபட்ச பட்ஜெட்டை எண்ணாகவே எழுதி, ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். "தரமான படம்" என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது. கதை தயாராகாத ஸ்டுடியோவுக்கு நீட்டிப்பு கிடைக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் இரட்டிப்பாக வேண்டும். அப்போது உண்மையில் எடுக்க நினைப்பவர் காசு கட்டிக் காத்திருப்பார், பிடித்துவைக்க மட்டும் நினைப்பவர் மூன்றாவது நீட்டிப்பிலேயே கையை விரித்துவிடுவார்.