‘ஸ்டாப்’ அனுப்பினேன், ‘பி’ மட்டும் போய்ச் சேர்ந்தது

கோத்தகிரி பக்கம் ஒரு டீ பாக்டரி. பச்சை இலையை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கிற பேன்களை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டளையும் நாலு ஆங்கில எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட். மற்றவை வரிசையில் போகட்டும், ‘ஸ்டாப்’ மட்டும் முந்திக்கொண்டு போகட்டும் என்று அதை எம்எஸ்ஜி_ஓஓபி (‘இது அவசர டேட்டா’ என்று குறிக்கும் ஆப்ஷன்) போட்டு அனுப்பினேன். ஓஓபி என்றால் ‘அவுட் ஆஃப் பேண்ட்’, அதாவது தனிப் பாதை. அந்தப் பெயரை நம்பியது என் தப்பு.

மழைக்காலத்து சாயங்காலம். ஸ்டாப் கொடுக்கிறேன், பேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்த கட்டளையைக் கொடுத்தால் ‘தெரியாத கட்டளை’ என்று பதில் வருகிறது. டீ மேக்கர் அண்ணன் பேசாமல் நடந்துபோய் சுவரில் இருந்த சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு வந்தார். “தம்பி, உங்க கம்ப்யூட்டர் நிறுத்துறதுக்குள்ள இலை காஞ்சிரும்.”

நடந்தது இதுதான். நாலு பைட்டை ஓஓபி-யில் அனுப்பினால் கடைசி பைட் மட்டும்தான் அவசரமாகக் கருதப்படும். ‘பி’ தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டது. ‘எஸ், டி, ஓ’ மூன்றும் சாதாரண வரிசையில் வந்து நின்றன. எதிர்முனையில் நாலு நாலாகப் படிக்கிற என் கோடு, அடுத்த கட்டளையின் முதல் எழுத்தைப் பிடுங்கி இதோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் வந்த எல்லாமே ஒரு எழுத்து தள்ளிப் போய்விட்டது. அவசர பைட்டையும் வரிசையிலேயே விடச் சொல்லும் எஸ்ஓ_ஓஓபிஇன்லைன் ஆப்ஷனைப் போட்டிருந்தால் ‘பி’ தன் இடத்திலேயே இருந்திருக்கும். ஆனால் அப்போது முந்துவது எங்கே?

கம்ப்யூட்டர்களுக்கிடையே டேட்டாவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி-யில், அவசரத்துக்கென்று தனிப் பாதையே கிடையாது. மே மாதம் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சைரன் நாலு வளைவுக்கு முன்னாலேயே கேட்டுவிடும், வண்டி வரிசையில்தான் வரும். டிசிபி-யில் ‘அவசரம்’ என்று காட்டும் யூஆர்ஜி கொடியும் அப்படித்தான். ‘அவசரம் வருகிறது’ என்ற சேதி பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெடரில் சீக்கிரம் வந்துவிடும், புரோகிராமை உசுப்பும் சிக்யூஆர்ஜி சிக்னலும் கிடைக்கும். எதிர்முனையில் வந்த டேட்டா காத்திருக்கும் பஃபர் நிரம்பியிருந்தால் அந்த பைட் மட்டும் வராது.

தூரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை செய்ய உதவிய பழைய டெல்நெட்டுக்கு இது போதுமானதாக இருந்தது. அங்கே தேவை முந்துவதில்லை, ‘இந்தக் குறி வரை வந்ததையெல்லாம் தூக்கிப் போடு’ என்று சொல்வதுதான். அதை வேறு வேலைக்கு இழுத்தவர்கள்தான் சிக்கினோம்.

அவசர பைட் எங்கே என்று ஹெடரில் சொல்லும் அந்தக் குறி சரியாக எந்த பைட்டைக் காட்டுகிறது என்பதிலும் குழப்பம். டிசிபி-யின் விதிகளை வகுத்த 1981-இன் ஆவணமான ஆர்எஃப்சி 793 ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறொன்று சொன்னது. 1989-இல் ஆர்எஃப்சி 1122 ‘கடைசி அவசர பைட்’ என்று தீர்ப்பு சொன்னது. பெரும்பாலான சிஸ்டங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் அதற்கு அடுத்த பைட்டையே காட்டிக்கொண்டிருந்தன. 2011-இல் ஆர்எஃப்சி 6093 நடைமுறைக்கே பணிந்துபோய், புது அப்ளிகேஷன்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் எழுதிவிட்டது. இடையில் உள்ள சில பயர்வால்கள் அந்தக் கொடியையே அழித்துவிடும், ‘பி’ சாதாரண எழுத்தாக உள்ளே வந்துவிடும். 1997-இல் வின்நியூக் என்று ஒரு தாக்குதல் புரோகிராம், 139-ஆம் போர்ட்டுக்கு இதே ஓஓபி டேட்டாவை அனுப்பியே விண்டோஸ் 95-ஐ நீலத் திரையில் படுக்க வைத்தது. அவசரத்தைச் சரியாகக் கையாண்டவர்கள் குறைச்சல்.

இப்போது இரண்டு சாக்கெட், அதாவது இரண்டு தனித்தனி இணைப்பு. ஒன்றில் அளவீடுகளும் வழக்கமான கட்டளைகளும், இன்னொன்றில் ‘ஸ்டாப்’ மட்டும், அதைப் படிக்க மட்டும் புரோகிராமில் தனியாக ஓடும் ஒரு த்ரெட். சிவப்பு பட்டனின் ஒயரை நான் தொடவில்லை. அது நெட்வொர்க்கை நம்பி இருக்கவே கூடாது.

டெல்நெட் தவிர வேறு எதிலாவது யூஆர்ஜி-யை உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.