எலக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிற்கிறது

உங்கள் பதிவில் "சென்னையின் பழைய எலக்ட்ரிக் தியேட்டரை எப்போதோ இடித்துவிட்டார்கள், புகைப்படம் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறுங்க. 1913-இல் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய அந்தத் திரையரங்கின் கட்டடம், அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1915-இல் தபால் துறை வாங்கியது. பிறகு அஞ்சல்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு அங்கே வந்தது. உண்மையில் அந்தத் துறையின் கையில் போனதால்தான் அது தப்பிப் பிழைத்தது என்று நினைக்கிறேன். இடிக்கப்பட்டது 1914-இல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி திரையரங்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டீர்கள் போல. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். இதை நம்பி கேமராவோடு போகிறவர்கள் அந்த வளாகத்தையே தாண்டிப் போய்விடுவார்கள். படம் எடுக்கும் முன் உள்ளே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.