300 மைக்ரான் என்றால் சந்தேகப்படுங்கள்
"போர்ஷே 911 காரில் பெயின்ட் கனம் 120 மைக்ரான்தான், பழைய ஃபெராரியில் 300, அதனால் ஃபெராரிதான் உசத்தி" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தலைகீழ். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஆலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், சிலவற்றில் கொஞ்சம் கூடும். 300 காட்டினால் அங்கே மறுபடி அடித்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் நான் வண்டி விடும் பட்டறை பெயின்டர், விரலால் தட்டியே பட்டி போட்ட இடத்தைச் சொல்லிவிடுவார்! அப்புறம், 992 தலைமுறை 911-க்கு முன்பின் பம்பர் பகுதி தவிர வெளித்தகடு அலுமினியம். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர்களில், இரும்புக்கு மட்டுமான காந்த மீட்டர் அதில் வேலைக்காகாது. பெயின்டின் தரம் தெரிய, ட்யூப்லைட் பிம்பம் கதவில் ஆரஞ்சுத் தோல்போல நெளிகிறதா பாருங்கள். உள்ளே? பழைய ஃபெராரி பட்டன்களின் மென்பூச்சு பிசுபிசுத்துப் போவது ஊரறிந்த கதை, நம் நாகப்பட்டினப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.